தடிமனும் குளிசையும்

மாரி பிறந்து வாடைக்காற்று வீசத் தலைப்பட்டதும் யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு அழையாமலே வந்து சேரும் விருந்தாளி ஒருவர் உளர். அவர் பெயர் தடிமன். அவர் வீட்டில் ஒருவரோடு மட்டும் உறவாடிச் செல்பவரல்லர். பாலர் முதற் பாட்டனார் ஈறாக எல்லோரையும் தும்ம வைத்து, மூக்கை அடைக்க வைத்து, ஒரு வாரமோ பத்து நாளோ தங்கிய பின்னரே விடைபெறுவார். மாரி கழிந்தாலும் நிம்மதியில்லை. மாசிப் பனி மூசிப் பெய்யும் என்பர் எம்மூர் முதியோர். அதன் பின்னர் கச்சான் காற்றுப் புழுதியை வாரிக்கொண்டு வந்துவிடும். தடிமன் இல்லாதவர்க்கும் அப்பொழுது தும்மல் ஓயாது.

இத்தகைய சாதாரணத் தடிமன் ஒன்றுக்காகச் சென்ற மார்கழியில் நாம் செய்த வைத்தியத்தையும், அதனால் எமது தந்தையார் பட்ட துன்பத்தையும், அத்துன்பத்தினின்றும் நாம் கற்ற பாடத்தையும் வாசக நேயர்களுக்குச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லி வரும் பட்டதாரி ஒருவர் எவ்வளவு அறியாமையுடன் நடந்துகொள்ள முடியும் என்பதற்கு நாமே சான்று. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. எனினும், எமக்கு நேர்ந்தது இன்னொரு வீட்டில் நேராதிருக்குமாயின் அந்த வெட்கத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

எமது சிறுபிராயத்தில் தடிமன் என்றால் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் இட்டு அவித்த குடிநீரும், நொச்சியிலை போட்டு வேது பிடித்தலுமே வைத்தியம். 1990 ஆம் ஆண்டின் பின்னர் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் பனடோல் குளிசை ஒன்றைத் தேடிப் பெறுவதே பெரும்பாடாக இருந்தது. அக்காலத்தில் ஏற்பட்ட ஒரு பழக்கம் எமது தந்தையாரை இன்றுவரை விடவில்லை. எஞ்சிய குளிசை எதனையும் அவர் எறியமாட்டார். பழைய பிஸ்கற் தகரம் ஒன்றிற் போட்டு வைப்பார். தகரம் அவருடையது, அதனைத் திறந்து வீட்டாருக்கு வைத்தியம் பார்க்கும் துணிவோ எம்முடையதாயிற்று.

சென்ற மார்கழியில் முதலில் எமக்குத்தான் தடிமன் பிடித்தது. சந்தியிலுள்ள மருந்துக்கடையில் "தடிமன் குளிசை" என்று கேட்டோம். ஓர் அட்டை தந்தார்கள். இரண்டு நாள்களில் மூக்கு ஒழுகுவது குறைந்து, தலைப்பாரமும் தணிந்தது. மிகுதியைத் தகரத்தில் இட்டோம். மூன்றாம் நாள் தந்தையார் தும்மத் தொடங்கினார். அவருக்கு வயது 78. இரத்த அழுத்தத்துக்கு நெடுநாளாகக் குளிசை எடுத்து வருபவர். இரவில் நாலைந்து தடவை எழுந்து வெளியே போய் வருபவர். அது முதுமையின் இயல்பு என்றே நாமும் எண்ணினோம், அவரும் எண்ணினார். எமக்கு நன்மை செய்த குளிசை அவருக்கும் நன்மை செய்யாதா என்று, காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் படுக்கைக்குப் போகுமுன் ஒன்றுமாகக் கொடுத்தோம்.

அன்றிரவு அவர் வழமைபோல எழுந்து போனார், வந்தார், மறுபடியும் போனார். ஒரு மணியளவில் எமது அறைக் கதவைத் தட்டினார்.

"தம்பி, சலம் போகுதில்லை. அடிவயிறு வெடிக்கிற மாதிரிக் கிடக்குது" என்றார்.

விளக்கைப் போட்டுப் பார்த்தோம். முகமெல்லாம் வியர்வை. சற்று நேரத்தில், பத்து ஆண்டுகளுக்கு முன்னர் காலஞ்சென்ற எமது அன்னையாரைப் பெயர் சொல்லி அழைத்துத் தண்ணீர் கேட்டார். அந்த ஓர் அழைப்பில் எமக்கு உடல் நடுங்கிவிட்டது. அயலவர் ஒருவரின் முச்சக்கரவண்டியில் அவரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைந்தோம்.

அங்கு கடமையிலிருந்தவர் இளம் பெண் வைத்தியர். மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றிய பின்னரே தந்தையாரின் முனகல் அடங்கியது. பிறகு அவர் எம்மிடம் திரும்பினார்.

"ஐயாவுக்கு இண்டைக்குப் புதுசா ஏதும் மருந்து குடுத்தனீங்களோ?"

"தடிமன் குளிசைதான்" என்றோம்.

"சரி, அதுக்குள்ள என்ன இருந்தது?"

எம்மால் விடை கூற முடியவில்லை. வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த மாணவன் எழுந்து நின்று கூரையைப் பார்ப்பதைப் பலமுறை கண்டிருக்கிறோம். அன்று நாம் அவ்வாறு நின்றோம். நல்லவேளையாக, மனைவியார் அந்த அட்டையைக் கைப்பையில் எடுத்து வந்திருந்தார். வைத்தியர் அதன் பின்புறத்தைத் திருப்பி, பொடி எழுத்துகளை எமக்குக் காட்டினார். அங்கே ஒரு பெயரன்று, மூன்று பெயர்கள் இருந்தன. பரசிற்றமோல், குளோர்பெனிரமின், பினைலெப்ரின். "ஒரு குளிசை எண்டு நினைச்சு நீங்கள் மூண்டு மருந்து குடுத்திருக்கிறீங்கள்" என்றார் அவர்.

நாம் கல்லூரியில் தமிழ் படிப்பிப்பவர். தொகைநிலைத் தொடரை விரித்தாலன்றி அதன் பொருள் தெளியாது என்று ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கிறோம். மரப்பெட்டி என்றால் மரத்தாலாகிய பெட்டி. மருந்துப்பெட்டி என்றால் மருந்தை உடைய பெட்டி. இரண்டையும் ஒரே விதமாக விரிக்கும் மாணவனைப் பார்த்து வகுப்பே சிரிக்கும். ஆனால் நாமோ, மூன்று மருந்துகள் தொக்கு நின்ற குளிசையொன்றை விரித்துப் பாராமலே தந்தையாருக்குக் கொடுத்துவிட்டோம். அதனை விரித்தால் வரும் பொருளை, வைத்தியர் சொல்லியும் பின்னர் நாமாகப் படித்தும் அறிந்தவாறு இங்கே தருகிறோம்.

பரசிற்றமோல் காய்ச்சலையும் நோவையும் தணிப்பது. பனடோல் என்னும் பெயரில் நாமெல்லோரும் அறிந்தது இதுவே. அளவோடு எடுத்தால் தீங்கற்றது; அளவு மீறினால் ஈரலைக் கெடுப்பது. வளர்ந்தோருக்கு ஒரு நாளுக்கு உச்ச அளவு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டு. மெலிந்தவர்க்கும், ஈரல் நோயுள்ளவர்க்கும், மதுப்பழக்கம் உள்ளவர்க்கும் அதனினும் குறைவு. தடிமன் குளிசைகள் பலவற்றில் இது 500 மில்லிகிராம் அடங்கியிருக்கிறது. தடிமனுக்கு இரண்டு, காய்ச்சலுக்கு இரண்டு பனடோல் என்று சேர்த்து விழுங்குபவர் ஒரே மருந்தை இரட்டிப்பாக எடுக்கிறார் என்பதை அறியார். எமது மனைவியார் பலமுறை அவ்வாறு செய்திருப்பதாக அன்றுதான் ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது குளோர்பெனிரமின். பிரிற்றன் என்று வழங்கும் குளிசையில் இருப்பதும் இதுவே. எமது சரீரத்தில் ஹிஸ்டமின் என்னும் பொருள் ஒன்று உண்டு. புழுதியோ மகரந்தமோ பூனை மயிரோ ஒவ்வாதவரின் மூக்கிற் பட்டதும் அப்பொருள் வெளிப்பட்டுத் தும்மலையும் அரிப்பையும் நீரொழுகலையும் உண்டாக்குகிறது. சரீரத்தில் அது செய்யும் வேலையை 1910 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஹென்றி டேல் என்பார் ஆராய்ந்து காட்டினார். அதனைத் தடுக்கும் முதற் பொருளை 1937 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிறுவனத்தில் டானியல் பொவே என்பார் கண்டார். 1957 ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவ்வழியில் வந்த பழைய தலைமுறை மருந்துகளுள் குளோர்பெனிரமினும் ஒன்று.

இப்பழைய தலைமுறை மருந்துகள் மூக்கோடு நிற்பனவல்ல. மூளைக்குட் புகுந்து தூக்கத்தைத் தருகின்றன. வாயை உலர்த்துகின்றன, பார்வையை மங்கச் செய்கின்றன, மலத்தைக் கட்டுகின்றன, சிறுநீர்ப்பை சுருங்கும் வலிமையைக் குறைக்கின்றன. முதியோரிடத்து மனக்குழப்பத்தையும் உண்டாக்கக் கூடும். எமது தந்தையார் அன்னையாரை அழைத்த காரணம் அப்பொழுதுதான் எமக்கு விளங்கியது.

மூன்றாவது பினைலெப்ரின். மூக்கின் உட்புறத்து இரத்தக் குழாய்கள் விரிந்து வீங்குவதாலேயே மூக்கடைப்பு உண்டாகிறது. அக்குழாய்களைச் சுருக்குவதற்கென்று சேர்க்கப்படும் இனத்தைச் சேர்ந்தது இம்மருந்து. சூடோஎபெட்ரின் என்பதும் இவ்வினமே. இவற்றுக்கு உறவான எபெட்ரின் என்னும் பொருளை, சீன வைத்தியத்தில் நெடுங்காலம் வழங்கிய மாஹுவாங் என்னும் செடியிலிருந்து 1885 ஆம் ஆண்டில் யப்பானியரான நாகாய் நாகயோஷி பிரித்தெடுத்தார். இவ்வின மருந்துகள் மூக்கின் குழாய்களை மாத்திரம் தேடிச் செல்வனவல்ல. இரத்த அழுத்தத்தை உயர்த்தலாம், நெஞ்சு படபடக்கச் செய்யலாம், நித்திரையைக் கெடுக்கலாம், சிறுநீர்ப்பையின் வாயிலை இறுக்கலாம்.

இனி, தந்தையாருக்கு நேர்ந்ததை வாசகரே கூட்டிப் பார்க்கலாம். அவருக்குப் புறொஸ்டேற் சுரப்பி வீங்கியிருந்தது. இரவில் அடிக்கடி எழுந்தது அதனாலேயாம். முன்னரே ஒடுங்கியிருந்த வழியில், ஒரு மருந்து சிறுநீரைத் தள்ளும் வலிமையைக் குறைத்தது. மற்றையது வாயிலை இறுக்கும் இயல்பினது. நாமோ மூன்று முறை கொடுத்தோம். குளிசை நஞ்சன்று. எமக்கு அது மருந்தாகவே இருந்தது. ஆள் மாறியதே பிழை.

ஆகவே, இரத்த அழுத்தம், இருதய நோய், கண்ணழுத்த நோய், புறொஸ்டேற் வீக்கம், தைரொயிட் மிகுதி, சலரோகம் ஆகியன உள்ளவர்களும், கருப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், மனச்சோர்வுக்கு மருந்தெடுப்பவர்களும் வைத்தியரையோ மருந்தாளரையோ கேளாமல் இக்கூட்டுக் குளிசையைத் தொடலாகாது. நித்திரைக் குளிசையோடும் மதுவோடும் இது ஒருபோதும் சேரலாகாது. இதனை எடுத்தவர் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும், கிணற்றுக்கட்டிலோ மரத்திலோ ஏறுவதும் ஆபத்து.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. சில ஆண்டுகளுக்கு முன்னர், தவணைப் பரீட்சை மண்டபத்தில் கெட்டிக்காரப் பையன் ஒருவன் விடைத்தாளின் மேலேயே தலையைச் சாய்த்து உறங்கிவிட்டான். இரவிரவாகப் படித்திருப்பான் என்று எண்ணி அவனைக் கடிந்துகொண்டோம். "காலமை தடிமனுக்கு ஒரு குளிசை போட்டனான் சேர்" என்று அவன் சொன்னதை அன்று நாம் நம்பவில்லை. இன்று அவனிடம் மன்னிப்புக் கேட்க விரும்புகிறோம். புழுதியால் வரும் தும்மலுக்கு லொரற்றடின், செற்றிறிசின் போன்ற புதிய தலைமுறை மருந்துகள் உண்டு. அவை தூக்கத்தைக் குறைவாகவே தருவன. எனினும் அவையுஞ் சிலரைத் தூங்க வைக்கும். எந்த மருந்தையும் பரீட்சை நாளில் முதன்முறையாகச் சோதித்துப் பார்த்தல் புத்தியன்று.

இவ்வளவு இடரையும் தாங்கிக்கொண்டு நாம் பெறும் பயன்தான் எவ்வளவு? தடிமன் வைரசுக் கிருமிகளால் வருவது. இக்குளிசைகள் அக்கிருமியைக் கொல்வனவல்ல. அது போகும்வரையில் உபாதையைச் சிறிது தணிப்பனவே. பினைலெப்ரினைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. வாய்வழி எடுக்கும் பினைலெப்ரின், வழமையான அளவில், மூக்கடைப்பை நீக்குவதில் மருந்தில்லாத வெறுங் குளிசையிலும் மேலானதன்று என்று 2023 ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகத்தின் ஆலோசனைக் குழு ஒருமனதாகக் கூறியது. 2024 ஆம் ஆண்டில் அந்நிருவாகமே அதனை அங்கீகாரப் பட்டியலிலிருந்து நீக்கப் பிரேரித்தது. இவ்வினத்து இன்னொரு மருந்தாகிய பினைல்புரொப்பனோலமின், மூளையில் இரத்தக் கசிவுக்கு ஏதுவாகலாம் எனக் கண்டு, 2000 ஆம் ஆண்டில் அந்நாட்டில் விலக்கப்பட்டது. நெடுநாள் விற்பனையானது என்பதொன்றே ஒரு மருந்துக்கு நற்சான்று ஆகாது.

மூக்கில் விடும் துளிமருந்து உடனே வழியைத் திறக்கும். ஆனால் ஒக்சிமெற்றசொலின், சைலோமெற்றசொலின் போன்றவற்றை ஐந்து நாளுக்கு மேலும் தொடர்ந்து விட்டால், மருந்தை நிறுத்தியதும் முன்னிலும் மோசமாக மூக்கு அடைக்கும். அதற்காக மறுபடி மருந்து, மறுபடி அடைப்பு என்று மாதக்கணக்காக உழல்வோரும் உளர்.

பாலர் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். பெரியவரின் குளிசையை அரையாகவும் காலாகவும் முறித்துக் கொடுக்கும் தாய்மாரை நாம் அறிவோம். பிரித்தானியாவில் 2009 ஆம் ஆண்டிலே ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இத்தகைய தடிமன் மருந்துகளைக் கொடுத்தலாகாது என அறிவித்தார்கள். குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த பாணி மருந்தை நான்கு வயதுக்குட்பட்டோர்க்குக் கொடுக்கலாகாது என்று அதன் மேலுறையிலே அச்சிடுமாறு 2023 ஆம் ஆண்டில் இந்தியாவிலும் பணித்தார்கள். சின்னஞ்சிறார்க்கு மூக்கில் உப்புநீர்த் துளியும், அடிக்கடி கொடுக்கும் பாலும் நீருமே போதும். ஒரு வயது கடந்த பிள்ளைக்கு இருமலுக்குச் சிறிது தேன் கொடுக்கலாம். ஒரு வயதுக்கு முன் தேனும் ஆகாது.

இவற்றையெல்லாம் படித்தபொழுது எம்நாட்டவர் ஒருவரின் நினைவு வந்தது. பேராசிரியர் சேனக பிபிலே என்பாரே அவர். மருந்துகளை வணிகப் பெயரால் அன்றி அவற்றின் உட்பொருட் பெயரால் எழுதவும் வாங்கவும் வேண்டும் என்று வாதாடியவர். 1971 ஆம் ஆண்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாவதற்கு உழைத்தவரும் அவரே. நாட்டின் பணம் வீணாகாமைக்கு அவர் சொன்ன வழி, வீட்டின் உயிர் வீணாகாமைக்கும் பொருந்துகிறது. மருந்தின் வணிகப் பெயர் இடுகுறிப் பெயரைப் போன்றது. குழந்தைக்குச் செல்லப்பெயர் இடுவதுபோல இட்டது. அதனைக் கேட்டு உள்ளே இருப்பதை அறிய முடியாது. உள்ளே இருப்பதை அறிய வேண்டுமாயின் அட்டையைத் திருப்பித்தான் ஆகவேண்டும்.

எமது வீட்டில் இப்பொழுது நடைமுறை மாறிவிட்டது. பிஸ்கற் தகரத்தை வெறுமையாக்கிவிட்டோம். அட்டையைக் கத்தரித்துத் தனிக்குளிசையாக வைப்பதில்லை. கத்தரித்தால் பெயரும் காலாவதித் திகதியும் போய்விடுகின்றன. ஒவ்வொருவரும் நாள்தோறும் எடுக்கும் மருந்துகளை ஒரு தாளில் எழுதிக் கலண்டரின் பின்னே செருகியிருக்கிறோம். மருந்துக்கடைக்குப் போகும்போது அந்தத் தாளும் கூட வரும். "தடிமன் குளிசை தாருங்கள்" என்று கேட்பதில்லை. "78 வயதுக்காரருக்கு, பிறஷர் இருக்கிறது, புறொஸ்டேற் இருக்கிறது, இது ஒத்துக்கொள்ளுமா?" என்று மருந்தாளரைக் கேட்கிறோம். மூக்கு மாத்திரம் அடைத்திருந்தால் மூன்று மருந்து எதற்கு என்றும் கேட்கிறோம். கொத்தமல்லிக் குடிநீர் மறுபடி அடுப்பேறியிருக்கிறது. அது நோயைத் துரத்தும் என்பதற்காகவன்று. தொண்டைக்கு இதமாக இருக்கும் என்பதற்காக. பத்து நாள் கடந்தும் தடிமன் மாறாவிடினும், கடுங்காய்ச்சலோ மூச்சுத் திணறலோ நெஞ்சு நோவோ கண்டாலும் தகரத்தைத் தேடாமல் வைத்தியரிடம் போவது என்றும் தீர்மானித்திருக்கிறோம்.

தந்தையாருக்குச் சில நாள்களிற் குழாயை எடுத்துவிட்டார்கள். புறொஸ்டேற்றுக்கு முறையான மருந்து கிடைத்தபின் இரவில் ஒரு தடவைதான் எழுந்திருக்கிறார். "இவ்வளவு காலமும் வயசு எண்டு நினைச்சிருந்தன்" என்று சிரிக்கிறார். எம்மை ஒரு வார்த்தை கடிந்தாரில்லை. ஆனால் சென்ற வாரம் அவருக்கு வயிற்றெரிவு என்று வைத்தியர் எழுதிய குளிசையை எடுத்துப்போய்த் தண்ணீரோடு நீட்டினோம். அவர் உடனே கை நீட்டவில்லை. மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, எம்மை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"தம்பி, இதுக்குள்ள என்ன கிடக்குது?"

இம்முறை எமக்கு விடை தெரிந்திருந்தது.